கடற்கொள்ளையருக்குக் கடை வைத்தவன்

சாந்த் மரி தீவுக்குப் போகிறவர்கள் யாரும் அந்தக் கல்லறைக் கல்லைப் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. ஒரு மண்டையோடு, அதன் கீழே குறுக்காக இரண்டு எலும்புகள். மடகாஸ்கரின் கிழக்குக் கரையோரத் தீவு இது, தலைநகர் அம்போதிஃபோதத்ரா. ஊரை அடுத்த விரிகுடாவின் கரை மேட்டில் அந்தப் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கடல் வற்றியிருந்தால் நடந்தே போகலாம், ஏறியிருந்தால் தோணி பிடிக்க வேண்டும். அதன் பெயரே ‘கடற்கொள்ளையர் கல்லறை’தான்.

கல்லில் செதுக்கியிருப்பதை நிதானமாகப் படித்தால் கதை கொஞ்சம் ஆட்டம் காணும். உள்ளே இருப்பவர் ஜோசப் பியர் லெஷார்தியே. 1821இல் பிரெஞ்சுக் குடியேற்றக்காரர்கள் வந்த கப்பலில் இங்கே வந்தவர், இறந்தது 1834 மார்ச்சில். அதற்குள் கடற்கொள்ளையர்கள் தீவில் கடையைக் கட்டி நூறு வருஷம் ஆகிவிட்டது. மண்டையோடும் எலும்பும் பழைய ஐரோப்பியக் கல்லறைகளில் வெகு சாதாரணம். ‘நீயும் ஒரு நாள் இப்படித்தான்’ என்று நினைவூட்டும் குறி, அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் பெரிய கருங்கல் சமாதிக்கும் ஒரு கதை உண்டு. கொள்ளையர் கதைகளில் பேர்போன கேப்டன் கிட்டை அதில் உட்கார்ந்த நிலையில் புதைத்திருக்கிறார்களாம். கிட்டை லண்டனில் தூக்கிலிட்டார்கள், உடலைச் சங்கிலியில் கட்டித் தேம்ஸ் நதிக்கரையில் தொங்கவிட்டார்கள். அவர் இங்கே உட்கார வாய்ப்பே இல்லை.

இந்தத் தீவில் கொள்ளையர்கள் இருந்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. 1690 தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியப் பெருங்கடலில் கொள்ளையடித்த கப்பல்களுக்குப் புகலிடம் என்றால் முதலில் வாயில் வந்த பெயர் இதுதான். ஆனால் எதற்காக இருந்தார்கள், எதை வைத்துப் பிழைத்தார்கள் என்று பார்த்தால் மண்டையோட்டுக் கொடி பின்னுக்குப் போய்விடும். முன்னால் வந்து நிற்பது ஒரு கடை. சரக்கு இறக்கி, விலை வைத்து, லாபம் பார்த்த சாதாரண வியாபாரக் கடை.

சரி, முதலில் இடம். சாந்த் மரியை மலகாசி மக்கள் நோசி போராஹா என்பார்கள். நீளம் 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அகலம் பெரும்பாலான இடங்களில் ஒரு நடை தூரம்தான். வரைபடத்தில் பார்த்தால் மடகாஸ்கரிலிருந்து உதிர்ந்த முருங்கைக்காய் மாதிரி இருக்கும். மேற்குப் பக்கம், பெருந்தீவைப் பார்த்தபடி, ஒரு விரிகுடா. அதன் வாயில் சிறிது குறுகல், வாயிலேயே ஒரு குட்டித் தீவு, உள்ளே இன்னொன்று. உள்ளே போய் நங்கூரம் போட்டுவிட்டால் புயலும் தெரியாது, வெளியே போகிற கப்பலுக்கு நம்மையும் தெரியாது. நல்ல தண்ணீர் இருந்தது. மாடும் அரிசியும் கிடைத்தன. எலுமிச்சையும் ஆரஞ்சும் இருந்தன. மாதக்கணக்கில் உப்புக்கறியும் காய்ந்த ரொட்டியும் தின்று ஈறு வீங்கி வருகிறவனுக்கு அதுதான் மருந்து. அப்புறம் மரம், தார் பூசக் கப்பலைச் சாய்க்க ஏற்ற மணல்கரை. வெப்பக் கடலில் மரக்கப்பலின் அடியைப் புழு துளைத்துவிடும். பாசியும் சிப்பியும் ஒட்டி வேகம் குறையும். வேகம் குறைந்த கொள்ளைக் கப்பல் வெறும் படகுதான். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கப்பலைக் கரையில் சாய்த்துச் சுரண்டியாக வேண்டும். அந்தச் சில வாரங்கள் யாராவது வந்தால் ஓட முடியாது. வருவதற்கு ஆள் இல்லாத இடம் வேண்டும்.

அப்போது மடகாஸ்கரில் எந்த ஐரோப்பிய அரசின் ஆட்சியும் இல்லை. தெற்கே ஃபோர்ட் தோஃபேனில் கோட்டை கட்டியிருந்த பிரெஞ்சுக்காரர்கள் 1674லேயே அடிபட்டுக் கிளம்பிவிட்டார்கள். கிழக்குக் கரையில் பெரிய மலகாசி அரசும் இல்லை. ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த சின்னச் சின்னத் தலைவர்கள்தான். இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. எலுமிச்சை எங்கேயும் கிடைக்கும். துப்பாக்கி வைத்திருக்கும் முப்பது பேரைத் தன் பக்கம் இழுக்க நினைக்கிற தலைவர்கள் எல்லா இடத்திலும் கிடைக்க மாட்டார்கள்.

அடுத்தது காற்று. சூரத்திலிருந்து செங்கடல் துறைமுகங்களான மோக்காவுக்கும் ஜித்தாவுக்கும் போகும் கப்பல்கள் பருவக்காற்றை நம்பியவை. வாடைக்காற்றில் போய், ஹஜ் யாத்திரிகர்களை இறக்கி, துணியும் மிளகும் விற்று, தென்மேற்குக் காற்று ஓய்கிற ஆகஸ்டு, செப்டம்பரில் தங்கமும் வெள்ளியுமாகத் திரும்பும். செங்கடலின் வாய், பாப் அல்-மந்தப், குறுகலான இடம். எந்த மாதம், எந்த வழி, என்ன சரக்கு என்பது ஊருக்கே தெரியும். ஏமாந்த வீட்டில் திருடுவதைவிட இது எளிது. 1693இல் தாமஸ் டியூ என்ற கேப்டன் அறுபது பேரோடு போய் ஒரே ஒரு கப்பலைப் பிடித்தார். ஆளுக்குக் கிடைத்த பங்கு ஏறக்குறைய 1,200 பவுண்டு. அன்று ஆங்கில மாலுமிக்கு வருஷச் சம்பளம் இருபது, முப்பது பவுண்டு.

இரண்டு வருஷம் கழித்து ஹென்றி எவரி பிடித்தது ஔரங்கசீப்பின் கப்பலான கஞ்ச்-இ-சவாய். யாத்திரிகர்களுக்கு நேர்ந்த கொடுமையைச் சூரத் மறக்கவில்லை. கொதித்துப் போன முகலாய அதிகாரிகள் அங்கிருந்த ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

இனி கடைக்காரர். பெயர் ஆதம் பால்ட்ரிட்ஜ். 1690 ஜூலையில் ஒரு கப்பலில் தீவுக்கு வந்தார். 1691 ஜனவரியில் கப்பலை விட்டு இறங்கி இரண்டு பேரோடு அங்கேயே தங்கிவிட்டார். பிற்பாடு 1699இல் நியூயார்க்கில் ஒரு வாக்குமூலம் கொடுத்தார். கொள்ளையர் காலத்தைப் பற்றி எழுதியதில் சாகசக் கதைகள் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்குப் பிடித்தது இந்தக் காகிதம்தான். படித்தால் கணக்குப் புத்தகம் மாதிரியே இருக்கும். இன்ன தேதி இன்ன கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி, எத்தனை ஆள், நான் என்ன கொடுத்தேன், அவர்கள் என்ன கொடுத்தார்கள்.

தங்கிய கையோடு அவர் செய்தது, தீவுக்காரர்களோடு சேர்ந்து பக்கத்து மக்கள்மேல் சண்டைக்குப் போனது. மே மாதம் திரும்பும்போது அவர் கையில் எழுபது மாடுகளும் சில அடிமைகளும். கடைக்கு முதலீடு அதுதான். அதே வருஷம் அக்டோபரில் செங்கடல் கொள்ளையிலிருந்து ஒரு கப்பல் பசியோடு வந்தது. மாடு கொடுத்தார், பதிலுக்குப் பாசிமணி, கொஞ்சம் வெடிமருந்து, ஆறு பீப்பாய் மாவு, எழுபது இரும்புப் பாளங்கள், கூடவே ஐந்து பெரிய பீரங்கிகள் வாங்கிக்கொண்டார். அவர் கோட்டைக்குப் பீரங்கி வந்தது இறைச்சிக் கணக்கில்.

1693 ஆகஸ்டு 7. நியூயார்க்கிலிருந்து ‘சார்ல்ஸ்’ என்ற கப்பல் சரக்கோடு வந்து சேர்ந்தது. அனுப்பியவர் ஃபிரெடரிக் ஃபிலிப்ஸ். நியூயார்க்கின் பெரும் பணக்காரர்களில் ஒருவர், கவர்னரின் ஆலோசனைச் சபையில் உறுப்பினர். என்ன வந்தது? 44 ஜோடி செருப்பு. ஆறு டஜன் காலுறை. மூன்று டஜன் புள்ளி போட்ட சட்டையும் கால்சட்டையும். 12 தொப்பி. ஐந்து பீப்பாய் ரம், மதேரா ஒயின், பத்துப் பெட்டி சாராயம். இரண்டு சாணைக்கல், ரம்பங்கள், மூன்று ஜாடி எண்ணெய், இரண்டு சின்ன இரும்புச் சட்டி. மூன்று பீப்பாய் பீரங்கி மருந்து. மூன்று டஜன் மண்வெட்டி, தோட்டத்துக்கு விதை. இரண்டு பைபிள், ஞானோபதேசப் புத்தகங்கள், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரும் அரிச்சுவடிகள். சாராயம் காய்ச்சும் பழைய அண்டா இரண்டு. ‘முழுக்க ஓட்டை’ என்று பால்ட்ரிட்ஜ் மறக்காமல் குறித்திருக்கிறார். ஆறு வருஷம் கழிந்தும் அந்த ஓட்டை அவருக்கு ஆறவில்லை போலிருக்கிறது.

திரும்பிப் போன கப்பலில் அவர் ஏற்றி அனுப்பியது 1,100 வெள்ளி நாணயம், 57 இரும்புப் பாளம், 15 மாடு, 34 மனிதர்கள்.

இந்த இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்தால் தீவின் முழுத் தொழிலும் அதில் இருக்கிறது. கொள்ளையனிடம் பணம் இருந்தது. செலவு பண்ணத்தான் இடம் இல்லை. சூரத் கப்பலில் எடுத்த பட்டுத்துணியையும் பொன்னையும் வைத்து மடகாஸ்கர் காட்டில் ஒரு சட்டை வாங்க முடியாது. அங்கே நியூயார்க் வியாபாரி வந்து நிற்கிறார். நியூயார்க்கில் கேலன் இரண்டு ஷில்லிங்குக்கு வாங்கிய ரம் இங்கே மூன்று பவுண்டு வரை, அதாவது முப்பது மடங்கு விலைக்குப் போனது. பத்தொன்பது பவுண்டு மதேரா பீப்பாய் முன்னூறு பவுண்டு. உயிரைக் கொடுத்துச் செங்கடலில் அடித்த பணத்தில் பெரும்பகுதி இப்படித்தான் மறுபடி கப்பலேறியது. யார் யாரைக் கொள்ளையடித்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

சரக்கு மட்டும் வரவில்லை, கடிதமும் வந்தது. நியூயார்க்கில் இருந்த மனைவிமார் தீவில் இருந்த புருஷன்மாருக்கு எழுதிய கடிதங்கள். அதைவிட வேடிக்கை, ஊர் திரும்புகிற வழி. போதும் என்று நினைத்த கொள்ளையன் நூறு வெள்ளி நாணயம் டிக்கெட் கொடுத்து, சாப்பாட்டுச் செலவைத் தானே பார்த்துக்கொண்டு, நியூயார்க் போகும் வியாபாரக் கப்பலில் பயணியாக ஏறிக்கொள்வான். அங்கேயும் பயம் அதிகம் இல்லை. அன்றைய கவர்னர் பெஞ்சமின் ஃபிளெச்சர், தாமஸ் டியூவைத் தன் வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டியவர்; முன்னூறு பவுண்டு வாங்கிக்கொண்டு கடலுக்குப் போக உத்தரவும் எழுதிக் கொடுத்தவர்.

ஆனால் மாடும் ரம்மும் பேசிப் பேசி அந்த 34 பேரை விட்டுவிடக் கூடாது. ஃபிலிப்ஸுக்கு உண்மையான அக்கறை அவர்கள் மேல்தான். மேற்கு ஆப்பிரிக்கக் கரையைவிட மடகாஸ்கரில் அடிமைகள் மலிவு. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் கப்பல் அனுப்பினார். கொள்ளையர் வெள்ளி மேல்வரும்படி. சுதந்திர மனிதர்களின் தீவு, ராஜா இல்லாத சமத்துவ நாடு என்றெல்லாம் பிற்காலத்தில் கதை கட்டினார்கள். 1728இல் லண்டனில் வந்த ஒரு புத்தகம் ‘லிபர்தாலியா’ என்று ஒரு கொள்ளையர் குடியரசையே மடகாஸ்கரில் நிறுவிக் காட்டியது. அதன் தலைவன் மிசோன் என்று ஒருவன் வாழ்ந்ததற்கு ஆதாரமே இல்லை. ஆதாரம் இருப்பது பால்ட்ரிட்ஜின் பட்டியலுக்கு. அதில் மனிதர்கள் வெள்ளிக்கும் மாட்டுக்கும் நடுவில் எண்ணப்பட்டிருக்கிறார்கள்.

கடை முடிந்ததும் இதனால்தான். 1697 ஜூலையில் தீவின் மக்கள் எழுந்து முப்பது வெள்ளைக்காரர்கள் வரை கொன்றார்கள். பால்ட்ரிட்ஜ் அப்போது கடலில் இருந்தார். சேதி கேட்டதும் அப்படியே அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டார். வாக்குமூலத்தில் அவர் சொல்வது, கொள்ளையர்கள் மாட்டைப் பிடுங்கி மக்களைத் துன்புறுத்தினார்கள், அதனால் கலகம். மற்றவர்கள் சொன்னது வேறு: அவரே ஆண், பெண், குழந்தைகள் என்று ஒரு கூட்டத்தைப் பேசி மயக்கிக் கப்பலில் ஏற்றிப் பிரெஞ்சுத் தீவில் கொண்டுபோய் விற்றார். இரண்டில் எது என்று கேட்டால், முதலீட்டையே அடிமையில் தொடங்கியவரின் சொல்லை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வருஷம் ஏப்ரலில்தான் கிட் வருகிறார். கொள்ளையரைப் பிடிக்க அனுப்பப்பட்டவர். முதலீடு செய்தவர்களில் பெரிய பெரிய பிரபுக்கள். ஆளும் கிடைக்காமல், கூலியும் கொடுக்க முடியாமல், கடைசியில் 1698 ஜனவரியில் கொச்சிக்கு அப்பால் ஓர் ஆர்மீனிய வணிகர்களின் கப்பலைப் பிடித்துவிட்டார். மஸ்லின், பட்டு, சர்க்கரை, வெடியுப்பு, அபின் ஏற்றி வங்காளத்திலிருந்து சூரத்துக்குப் போன கப்பல். அதன் பெயர் ‘கெடா மெர்ச்சன்ட்’. கெடா என்றால் நம் கடாரம்தான். ராஜேந்திர சோழன் கொண்ட அதே கடாரத்தின் பெயரைச் சுமந்த கப்பல் கடைசியில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் கழுத்துக்குக் கயிறானது.

சாந்த் மரியில் கிட் பார்த்தது யாரை? ராபர்ட் கலிஃபர்டை. பழைய பகை. எட்டு வருஷம் முன்பு கரீபியனில் கிட்டின் சொந்தக் கப்பலையே ஓட்டிக்கொண்டு போன கூட்டத்தில் இருந்தவர். இடையில் மதராஸில் கம்பெனியின் ஒரு சிறு கப்பலைத் திருடி, அதன் மாலுமிகளிடமே மாட்டி, நிக்கோபாரில் இறக்கிவிடப்பட்டுத் தப்பியவர். பிடிக்க வேண்டிய ஆள் கண்ணுக்கு எதிரே நிற்கிறான். கிட் என்ன செய்தார் என்பதில்தான் வழக்கே. தாக்கச் சொன்னேன், என் ஆட்கள் மறுத்துவிட்டார்கள் என்றார் அவர். சாட்சிகளோ, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்த ‘பாம்போ’ என்ற பானத்தை இருவரும் சேர்ந்து குடித்து, ஒருவருக்கொருவர் தீங்கு செய்ய மாட்டோம் என்று சத்தியம் பண்ணினார்கள் என்றார்கள். எப்படியோ, கிட்டின் ஆட்களில் பெரும்பாலோர் கலிஃபர்டு பக்கம் போய்விட்டார்கள். ஒழுகிக்கொண்டிருந்த தன் ‘அட்வெஞ்சர் கேலி’யை அங்கேயே விட்டுவிட்டு கிட் கெடா மெர்ச்சன்டில் கிளம்பினார். 1701 மே 23 அன்று லண்டனில் தூக்கு. முதல் தடவை கயிறு அறுந்தது. மறுபடி போட்டார்கள்.

தூக்குக்கயிறு பயமுறுத்தியது உண்மைதான், ஆனால் தீவைக் காலி செய்தது அது மட்டும் இல்லை. முகலாயரின் கோபத்தில் நடுங்கிப் போன கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனில் அழுத்தம் கொடுத்தது. 1698இல் வந்த சட்டம் இந்தியப் பெருங்கடல் வியாபாரத்தைக் கம்பெனியின் கைக்குள் இறுக்கியது. நியூயார்க் கப்பல் மடகாஸ்கருக்குப் போவது சட்டவிரோதமானது. ஃபிளெச்சர் பதவி இழந்தார், ஃபிலிப்ஸ் சபையை விட்டு விலக நேர்ந்தது. ஃபிலிப்ஸின் இன்னொரு கப்பலான ‘மார்கரெட்’, டிக்கெட் வாங்கிய கொள்ளையர்களோடு திரும்பும் வழியில், 1699 டிசம்பரில் நன்னம்பிக்கை முனையில் பிடிபட்டது. ரம் வருவது நின்றது. அந்தக் கூட்டத்தின் காலம் அதோடு சரி.

இருபது வருஷம் கழித்து இரண்டாவது அலை வந்தது, கரீபியனில் விரட்டப்பட்டவர்கள். அதில் பெரிய பெயர் ஒலிவியே லெவாசர். 1721 ஏப்ரலில் ரெயூனியன் தீவில், புயலில் பாய்மரம் இழந்து ஒதுங்கியிருந்த போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்றை அவரும் ஜான் டெய்லரும் பிடித்தார்கள். ‘நோஸா சென்ஹோரா டோ காபோ’. கோவாவிலிருந்து பதவி முடிந்து திரும்பிய வைசிராய் அதில் இருந்தார், வைரங்களும் இருந்தன. அடுத்த வருஷம் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் சாந்த் மரிக்கு வந்தபோது கண்டது கைவிட்ட கப்பல்களும், கரையில் குவியல் குவியலாய்க் கிடந்த சீனப் பீங்கானும் வாசனைப் பண்டமும் துணியும். வாங்க ஆள் இல்லாத சரக்குக்கு வேறு என்ன கதி?

தீவில் தங்கிவிட்டது பிள்ளைகள்தான். கொள்ளையருக்கும் மலகாசிப் பெண்களுக்கும் பிறந்தவர்களை சானா-மலாத்தா என்றார்கள். அவர்களில் ஒருவரான ரத்சிமிலாஹோ, தாய் ராஹேனா என்ற தலைவர் குடும்பத்துப் பெண், கிழக்குக் கரையின் சிதறிக் கிடந்த குலங்களை ஒன்று சேர்த்தார். ‘பிரிக்க முடியாத பலர்’ என்ற பொருளில் பெட்சிமிசாரகா என்று பெயர் வைத்துக்கொண்ட அந்தக் கூட்டு இன்று மடகாஸ்கரின் இரண்டாவது பெரிய இனம். அவர் மகள் பெட்டி 1750 ஜூலை 30 அன்று தீவைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தார். தீவுக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1752இல் வந்திருந்த பிரெஞ்சுக்காரர்களைத் தீர்த்துக்கட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நிலையாகக் கால் ஊன்றியது அடுத்த நூற்றாண்டில்தான், நம் லெஷார்தியே வந்த அந்தக் கப்பலோடு.

இன்றைக்குத் தீவு கிராம்புக்கும், ஜூலை முதல் செப்டம்பர் வரை குட்டி போட வரும் திமிங்கலங்களுக்கும் பெயர் பெற்றது. புதையல் தேடுகிறவர்களும் ஓயவில்லை. 2025இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், விரிகுடாவில் கிடக்கும் ஒரு சிதைவு அந்த ‘காபோ’ கப்பல்தான் என்று அறிவித்தார்கள். தந்தத்தில் செய்த சிறு சிலைகளும், ஏசுவின் சிலுவைக்கு மேல் எழுதும் ‘இன்ரி’ என்ற சொல்லைத் தங்க எழுத்தில் பொறித்த ஒரு தந்தத் தகடும் சான்று என்றார்கள்.

2015 மே மாதத்தில் நடந்தது இன்னும் பெரிய ஆரவாரம். பாரி கிளிஃபர்ட் என்ற அமெரிக்கர் நாற்பத்தைந்து, ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பாளத்தைக் கடலடியிலிருந்து எடுத்து, கிட்டின் வெள்ளி என்றார். மடகாஸ்கர் ஜனாதிபதி வந்தார், பிரிட்டன், அமெரிக்கத் தூதர்கள் வந்தார்கள், ராணுவ வீரர்கள் காவல் நின்றார்கள். ஜூலையில் யுனெஸ்கோவின் நிபுணர்கள் சோதித்துச் சொன்னார்கள்: கப்பல் என்று காட்டிய இடம் பழைய துறைமுகக் கட்டடத்தின் உடைந்த பகுதி. பாளத்தில் 95 சதவீதம் ஈயம், கப்பல் ஆடாமல் இருக்க அடியில் போடும் பாரம். வெள்ளி துளிகூட இல்லை.